செலவில் ஆளுக்குப் பாதி

மார்ச் 9

இன்று ஒரு நுண்ணோக்கி விற்றது. வாங்கியவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். குளத்துத் தண்ணீரை உற்றுப் பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்காம். அதற்கு நூறு வெளிக்காசு கொடுக்கிறார் மனிதர். பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளனாக இத்தனை வருடம் அதே தண்ணீரைப் பிள்ளைகளுக்குச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒருவரும் ஒரு டீ வாங்கித் தந்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் திரை வைத்துப் பாடம் நடத்தத் தொடங்கியதும் பழைய நுண்ணோக்கிகளை எடைக்குப் போட்டார்கள். நான் மொத்தமாக எடுத்தேன். "பழைய இரும்புக் கடைக்காரன்கூட ஒரு தடவை யோசிப்பான்," என்றாள் மனைவி. துடைத்து, எண்ணெய் போட்டு, இணையத்தில் ஏற்றிய பிறகு அவளே பெட்டி கட்ட உட்கார்ந்துவிட்டாள்.

விற்பனைத் தளத்தில் 'மாற்று' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஒவ்வொன்று விற்றதும் அன்றைக்கே அதை அமுக்கிவிடுவேன். காசு அங்கேயே கிடந்தால் எனக்கென்னவோ அடுத்த வீட்டுக் கொடியில் காயும் என் சட்டை மாதிரி இருக்கும். அமுக்கினால் நம் காசாகி நம் வங்கிக்கு வந்து சேரும். செல்போன் ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்கத்தானே இந்தப் பாடு.

"வந்துடுச்சா?" என்றாள் மனைவி.

"வந்துடுச்சு. ஏழாயிரத்து ஐநூறு."

"எட்டாயிரம் வரும்னீங்க?"

"வழியில கொஞ்சம் சிந்தும்."

"நீங்க தூக்கிட்டு வந்த குடம் எதுதான் சிந்தாம வந்திருக்கு."

மார்ச் 10

வெயில். சந்தையில் வெளிக்காசு ஒன்றுக்கு நம் காசு எண்பது என்று செய்தியில் சொன்னார்கள். முதல் முறையாகக் காது கொடுத்துக் கேட்டேன். பெரிய வியாபாரி ஆகிவிட்டேன் போலிருக்கிறது.

மார்ச் 28

மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது!

கண் பரிசோதனைப் படிப்பு. வெளிநாட்டுக் கல்லூரி. வெளியிலிருந்து ஒன்பது பேரைத்தான் எடுத்தார்களாம், அதில் என் பெண் ஒருத்தி. நான் பத்தாவதை இரண்டு தடவை எழுதியவன். இரண்டாம் தடவையும் ஆசிரியர் என் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல்தான் மேலே தள்ளிவிட்டார்.

அவள் அலட்டிக்கொள்ளவில்லை. மின்னஞ்சலை இரண்டு தடவை படித்துவிட்டு, "அப்பா, கட்டணம் இருக்கு," என்றாள்.

"இருக்கட்டுமே. கட்டணம் இல்லாத படிப்பு நான் படிச்சதுதான். அதோட லட்சணத்தைத்தான் பாக்கறியே."

முதல் வருடத்துக்கு ஆறாயிரம் வெளிக்காசு. உடனே ஐநூறு முன்பணம் — அது திரும்பாது. மீதி ஐயாயிரத்து ஐநூறு அக்டோபர் பதினைந்துக்குள் முழுசாகப் போய்ச் சேர வேண்டும். ஜனவரியில் வகுப்பு. மின்னஞ்சலில் 'முழுமையாக' என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். நம்மைப் பார்க்காமலே நம்மைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 6

முன்பணம் கட்டினேன். கல்லூரியின் பணம் கட்டும் பக்கத்தில் அட்டை எண்ணைப் போட்டதும், 'உங்கள் நாட்டுக் காசிலேயே கட்ட விரும்புகிறீர்களா?' என்று கேட்டது. கண் கலங்கிவிட்டது எனக்கு. ஊரில் பக்கத்து வீட்டுக்காரன் இப்படிக் கேட்க மாட்டான். கடல் கடந்து ஒரு இயந்திரம் கேட்கிறது.

ஆமாம் என்று அமுக்கினேன். நாற்பத்திரண்டாயிரத்து ஐநூறு போயிற்று.

ஐநூறு எண்பது நாற்பதாயிரம்தானே? விரல் விட்டு மறுபடி எண்ணினேன். விரல்கள் சரியாகத்தான் இருக்கின்றன.

ஏப்ரல் 8

வங்கியிலிருந்து இன்னொரு செய்தி. மேலே ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் எடுத்திருக்கிறார்கள். போனில் கேட்டேன்.

"வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் சார்."

"நம்ம காசுலதானேம்மா கட்டினேன்?"

"காசு நம்மதுதான் சார். கடை வெளிநாட்டுல இருக்குல்ல."

ஆக, அந்த மரியாதையான கேள்விக்கு ஒரு விலை. அந்த விலைக்கு மேல் இவர்கள் ஒரு விலை. கேட்காமல் எடுத்திருந்தால் திருட்டு என்றிருப்பேன். கேட்டு எடுத்தார்கள், நான் நன்றி சொல்லிக் கொடுத்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. மூவாயிரத்துச் சொச்சம். சின்னத் தொகை. சின்னத் தொகைதான்.

மே 2

நன்றாகப் போகிறது. மகள் லென்ஸ் துடைக்கிறாள், மனைவி பெட்டி கட்டுகிறாள், நான் அமுக்குகிறேன். குடும்பத்தில் கஷ்டமான வேலை எனக்குத்தான்.

நாற்பது நுண்ணோக்கி விற்றாகிவிட்டது. வங்கியில் அதிலிருந்து மூன்று லட்சம். பழைய சேமிப்பு ஒன்று அறுபது. ஆக நாலு லட்சத்து அறுபதாயிரம். வெளிக்காசை வங்கி எண்பத்து மூன்றுக்கு விற்கிறது. ஐயாயிரத்து ஐநூறுக்கு நாலு லட்சத்து ஐம்பத்தாறாயிரத்து ஐநூறு.

மூவாயிரத்து ஐநூறு மிச்சம்! அதில் அவளுக்குப் பெட்டி வாங்கலாம். சக்கரம் வைத்தது.

மே 20

நம் காசு கொஞ்சம் சறுக்குகிறதாம். சோப்பு விலை ஏறியிருக்கிறது. கடைக்காரர் பழைய விலையின் மேல் புது விலையை ஒட்டிக்கொண்டிருந்தார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். நம் காசு விழுந்தால் நூறு வெளிக்காசுக்கு எனக்குக் கூடவல்லவா வரும்? ஊர் அழும்போது சிரிக்கிறவன் ஒருவன் இருப்பான் என்பார்கள். இந்தத் தடவை நான்தான் அவன்.

வங்கியில் போய், இப்போதே வெளிக்காசாக வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டுப் பார்த்தேன். கல்லூரியின் இறுதிக் கட்டணச் சீட்டு வந்தால்தான் தருவார்களாம். அது செப்டம்பரில்தான் வரும். சரி, அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது?

மிச்சத்தைத் தொடாமல் மாதச் சம்பளத்திலேயே பெட்டி வாங்கினோம். நீலம். வீட்டுக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் மகள் இழுத்துப் பார்த்தாள். சக்கரம் சத்தமே போடவில்லை.

ஜூன் 14

எழுத வேண்டும். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

காலையில் முன்னறை மேசையில் மகள் மிச்சமிருக்கும் நுண்ணோக்கிகளின் படத்தைத் தளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தாள். தளத்தை அவள் திறந்து நான் பார்த்ததில்லை. அது என் சாம்ராஜ்யம். திடீரென்று, "அப்பா, இதை எதுக்கு 'உடனே மாற்று'ன்னு வச்சிருக்கீங்க?" என்றாள்.

"மாத்தாம? நம்ம காசு நம்ம வீட்டுக்கு வர வேண்டாமா?"

"இங்க இன்னொண்ணு இருக்குப்பா. 'வெளிக்காசாகவே வைத்திரு'. காலேஜுக்கு இதுலேர்ந்தே நேராக் கட்டலாமாம்." திரும்பிப் பார்த்தாள். "காலேஜுக்கு அந்தக் காசுதானே கட்டணும்?"

"ஆமா."

"அப்ப அவங்க காசை நம்ம காசா மாத்தி, நம்ம காசை மறுபடியும் அவங்க காசா..."

அங்கேயே நிறுத்திவிட்டாள். நல்ல பெண். முடித்திருந்தால் தேவலை.

சந்தையில் எண்பது என்றால் தளம் எனக்குக் கொடுத்தது எழுபத்தேழு. அதையும் ஒவ்வொரு தடவை அனுப்பும்போது தனியாக இருநூறு பிடித்திருக்கிறது. நாற்பது தடவை அமுக்கியிருக்கிறேன். வங்கி எனக்குத் திருப்பி விற்பது சந்தைக்கு மேல் மூன்று வைத்து. போகும்போது ஒரு சுங்கம், வரும்போது ஒரு சுங்கம். போனதும் வந்ததும் ஒரே மூட்டை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மகள் மெதுவாகச் சொன்னது வேறு.

"அது அங்கயே இருந்திருந்தா நாலாயிரம் வெளிக்காசு இருந்திருக்கும்பா. நம்ம காசு எவ்ளோ விழுந்தாலும் அது நாலாயிரமாவே இருந்திருக்கும். இப்ப மொத்தமும் நம்ம காசுல இருக்கு."

இன்றைக்குச் சந்தையில் எண்பத்து நாலு.

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்," என்றேன். தலையாட்டினாள். 'வைத்திரு' என்பதை அவளே அமுக்கினாள். வைத்திருக்க இனி என்ன இருக்கிறது? மேசையில் நாலு நுண்ணோக்கி. அதில் இரண்டுக்கு லென்ஸே இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள்.

ஜூன் 15

சொல்லவில்லை.

ஜூலை 11

எண்பத்தேழு.

இப்போது மனைவிகூடச் செய்தி பார்க்கிறாள். துணிக்கடையில் அளவு திருத்தும் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கு ஜுரம் எவ்வளவு?" என்கிறாள். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாத மாதிரி ஒரு பேச்சு. நான் டிகிரி சொல்கிறேன். அவள் கை அலம்பப் போகிறாள்.

"நமக்குத்தான் விழுந்தா நல்லதுன்னு சொன்னீங்களே?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

குழாய்ச் சத்தத்தில் காதில் விழாதது மாதிரி இருந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3

சொல்லிவிட்டேன். எண்பத்தொன்பது ஆனபோது வாய் தானாகத் திறந்துகொண்டது.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, "ஒவ்வொரு தடவை சத்தம் வந்தப்பவும் எனக்குக் காட்டினீங்களே," என்றாள்.

"ஆமா."

"நான் கேட்டேன்னா அமுக்கினீங்க?"

இதற்கு என்ன பதில்? ஆமாம் என்றால் பழி அவள் மேல். இல்லை என்றால் பொய். அவள் 'வந்துடுச்சா' என்று கேட்பாளே, அதற்காகத்தான் அமுக்கினேன். வேறு எதற்கு? என் சம்பளம் வந்தபோது ஒரு நாளும் அவள் முகம் அப்படி மலர்ந்ததில்லை.

"இல்ல. எனக்கே ஒரு இதுதான்," என்றேன்.

"சரி விடுங்க. இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. ஏறினது இறங்கும்."

மகள் அறைக்குள் இருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

ஆகஸ்ட் 30

மச்சினன் வந்தான். பார்சல் வண்டி ஓட்டுகிறவன். இந்த விற்பனைத் தளத்தை எனக்குக் காட்டிக் கொடுத்த புண்ணியவான்.

"இது இறங்கிடும் மாமா. எங்க டிப்போவுல எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

"உங்க டிப்போவுல யாரு, நிதி மந்திரியா மூட்டை தூக்கறாரு?"

சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டோம்.

வீட்டில் தேடிப் பார்க்கிறேன், இந்த வருடம் விலை ஏறாதது எது என்று. நான்தான்.

செப்டம்பர் 19

கல்லூரியின் இறுதிச் சீட்டு வந்துவிட்டது. சந்தையில் தொண்ணூற்று இரண்டு. வங்கி விற்பது தொண்ணூற்றைந்துக்கு. ஐயாயிரத்து ஐநூறுக்கு ஐந்து லட்சத்து இருபத்திரண்டாயிரத்து ஐநூறு.

கையில் நாலு அறுபது.

மே மாதத்தில் மூவாயிரத்து ஐநூறு மிச்சம் என்று துள்ளினேனே — அதே கையிருப்பு, ஒரு பைசா குறையவில்லை. இருந்த இடத்திலேயே இருந்து கரைந்திருக்கிறது.

மனைவி கடையில் முன்சம்பளம் கேட்டு வாங்கினாள். கேட்கும்போது முதலாளியம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் அளவு நாடாவையே பார்த்தாளாம். லென்ஸ் இருந்த இரண்டு நுண்ணோக்கியையும் பக்கத்துத் தெரு மருத்துவச் சோதனைக் கூடத்துக்குக் கொடுத்துவிட்டேன், சொன்ன விலைக்கு. மச்சினன் இருபத்தைந்தாயிரம் கொண்டுவந்தான். வண்டி டயருக்கு வைத்திருந்தது.

"டயர் வழுவழுன்னு இருக்கேடா!"

"இன்னும் ஆறு மாசம் வரும் மாமா. நான்தான் கொஞ்சம் மெதுவாப் போகணும்."

மகள் வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். "மாமா, வேண்டாம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றாள்.

"அடுத்த வருஷம் உங்கப்பன் இன்னும் எதையாவது அமுக்கிடுவான். இப்பவே போயிடு," என்றான் அவன். அவள் சிரிக்கவில்லை. அவன் பணத்தை எண்ணாமல் என் மடியில் வைத்தான்.

அக்டோபர் 8

வங்கிக்குப் போனோம், நானும் மகளும். ஜுரம் தொண்ணூற்று இரண்டிலேயே நின்றிருந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற நிலைமைக்கு வந்தாயிற்று.

கவுண்டரில் ஒரு இளம்பெண். மேசை முழுக்கக் காகிதம். பின்னால் நீண்ட வரிசை. எல்லாரும் வெளிக்காசுக்குத்தான் நிற்கிறார்கள், யார் முகத்திலும் ஈயாடவில்லை. பாஸ்போர்ட் நகல் ஒன்று குறைகிறது என்று மகளை எதிர்க்கடைக்கு அனுப்பினாள் அந்தப் பெண். அனுப்பும் படிவத்தை என் பக்கம் தள்ளினாள்.

கீழே மூன்று கட்டம். செலவு யாருடையது: அனுப்புகிறவர், பெறுகிறவர், இருவரும்.

யோசித்தேன். பெறுகிறவர் என்று போட்டால் கேவலம். பிள்ளைக்கு இடம் கொடுத்த மனிதர்களிடம் பேருந்துக் காசு கேட்கிற மாதிரி. அனுப்புகிறவர் என்று போட்டால்? இத்தனை மாதமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நானேதான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இருவரும் — அதுதான் மனிதர்கள் செய்கிற காரியம். நாலு பேர் ஹோட்டலுக்குப் போனால் ஆளுக்குக் கொஞ்சம் போடுவதில்லையா? இந்த வருடத்தில் என்னிடம் முதல் முறையாக ஒருவர் நியாயமாகக் கேட்கிறார் என்று தோன்றியது. அழுத்தி ஒரு டிக் போட்டேன்.

மகள் நகலோடு வந்தாள். படிவம் உள்ளே போய்விட்டிருந்தது. வெளியே வந்ததும் பெருமையாகச் சொன்னேன், "இந்தத் தடவை ஆளுக்குப் பாதி போட்டுட்டேன்."

"எதுல பாதி?"

"அனுப்பற செலவுல."

நடந்துகொண்டிருந்தவள் நின்றாள். "அதுன்னா என்னன்னு அவங்ககிட்ட கேட்டீங்களாப்பா?"

"இதுல கேக்க என்ன இருக்கு? நியாயம்தானே."

வங்கிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். மதியச் சாப்பாட்டுக்காக மூடிக்கொண்டிருந்தார்கள். "வா, பஸ் வந்துடுச்சு," என்று நான்தான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

அக்டோபர் 9

போய்ச் சேர மூன்று நாலு நாள் ஆகும் என்றார்கள். நிம்மதி. ஆனாலும் அனுப்பிய சீட்டை இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன்.

அக்டோபர் 14

கல்லூரியிலிருந்து தகவல் இல்லை. மகள் மின்னஞ்சலைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறாள். "பணம் என்ன நீந்தியா போகுது?" என்று கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அக்டோபர் 16

வந்துவிட்டது.

ஐயாயிரத்து நானூற்று அறுபத்தெட்டு கிடைத்ததாம். முப்பத்திரண்டு வெளிக்காசு குறைவு. நேற்றோடு கெடு முடிந்தது. முழுமையாகக் கட்டாததால் அவள் இடம் காத்திருப்போர் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விட்டது. வந்த பணத்தை வழக்கமான பிடித்தங்கள் போகத் திருப்பி அனுப்புகிறார்களாம். வாழ்த்துகளாம்.

முப்பத்திரண்டு. ஒரு நுண்ணோக்கியின் மூன்றில் ஒரு பங்கு.

எங்கே போச்சு அந்த முப்பத்திரண்டு? யாரு எடுத்தா? நான் ஐயாயிரத்து ஐநூறுதானே அனுப்பினேன்? எண்ணித்தானே அனுப்பினேன்? சீட்டு கையில இருக்கே! அஞ்சு அஞ்சு பூஜ்யம் பூஜ்யம். கண்ணாடி போட்டுப் பாத்தேன், போடாமப் பாத்தேன். சரியாத்தான் இருக்கு.

மகள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

அக்டோபர் 17

வங்கி. அதே பெண்.

"நடுவுல ரெண்டு பேங்க் வழியாப் போகுது சார். அவங்கவங்க எடுத்துப்பாங்க. 'அனுப்புகிறவர்'னு போட்டிருந்தா அதை இங்கயே உங்ககிட்ட வாங்கியிருப்போம். அங்க முழுசாப் போயிருக்கும்."

"எவ்வளவும்மா வாங்கியிருப்பீங்க?"

"மூவாயிரம் வரும் சார்."

மூவாயிரம். பையில் இருந்தது. அன்றைக்கே இருந்தது. டயர்க் காசில் மிஞ்சியதில் வரும்போது மகளுக்கு ஒரு குளிர்ச்சட்டை வாங்கலாம் என்று வைத்திருந்தேன்.

"ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்கதானே சார் டிக் பண்ணீங்க. நீங்க அவங்ககூடப் பேசி வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"ஆளுக்குப் பாதின்னா நியாயம்னு நெனச்சேன்."

"நியாயம்தான் சார்," என்றாள். மனசார இரங்கித்தான் சொன்னாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. பின்னால் நின்றவர் என் தோளுக்கு மேல் எட்டி அவருடைய படிவத்தை நீட்டினார். அவர் எந்தக் கட்டத்தில் டிக் போட்டிருக்கிறார் என்று பார்க்கப் பார்த்தேன். அவர் கையால் மறைத்துக்கொண்டார்.

அக்டோபர் 21

மகள் கல்லூரிக்கு எழுதிய மன்றாட்டுக்குப் பதில். மிகவும் வருந்துகிறார்களாம். அடுத்த வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கலாமாம், புது முன்பணத்தோடு.

மனைவி நீலப் பெட்டியை இழுத்துப் போய்க் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். உள்ளே போர்வைகளை அடுக்கிவிட்டாள்.

நவம்பர் 25

நம் காசு எழுந்து உட்கார்ந்துவிட்டதாம். செய்தி வாசிக்கிறவர் முகமெல்லாம் பல். எண்பத்து நாலு! தெருவில் ஒருவன் வெடிச் சிரிப்புச் சிரித்துக்கொண்டு போனான். நோயாளி பிழைத்துக்கொண்டான்.

இன்றுதான் கல்லூரிப் பணமும் திரும்பி வந்தது. வழியில் இன்னும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு, ஐயாயிரத்து நானூற்று நாற்பதாக. வங்கி அதை எண்பத்தொன்றுக்கு எடுத்துக்கொண்டது. வாங்கியபோது தொண்ணூற்றைந்து, கொடுக்கும்போது எண்பத்தொன்று. நாலு லட்சத்து நாற்பதாயிரம் சொச்சம்.

எண்பதாயிரத்துக்கு மேல் எங்கோ போயிருக்கிறது. எந்தப் பொருளும் வாங்கவில்லை, எங்கும் போகவில்லை, யாரும் பறிக்கவில்லை. பணம் ஒரு ஊர் போய்விட்டு வந்தது, அவ்வளவுதான். முன்பணத்தைச் சேர்த்தால்... சேர்க்கவில்லை.

செல்போன் சத்தம் போட்டது. மனைவி அடுப்படியில் இருந்தாள். கேட்டிருக்கும். 'வந்துடுச்சா' என்று கேட்கவில்லை.

முதல் வேலையாக மச்சினனின் டயர்க் காசைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இருக்கட்டும் மாமா, அவசரமில்ல," என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டான். அவன் டயரைப் பார்த்தேன். ஐயோ.

ஜனவரி 6

மகள் வேலைக்குப் போகிறாள். காசு மாற்றும் நிறுவனம். நேர்முகத்தில் இரண்டு கேள்விதான் கேட்டார்களாம். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் என்ன வித்தியாசம், அதை ஏன் வைக்கிறோம். இரண்டுக்கும் நிறுத்தாமல் பதில் சொன்னாளாம்.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"வீட்டுலன்னு சொன்னேன்."

எந்தக் கிளை என்று கேட்டேன். விமான நிலையம் என்றாள்.

பிப்ரவரி 11

மகள் அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். எடுத்துக்கொண்டு போனேன். விமான நிலையத்தை உள்ளே பார்ப்பது முதல் முறை. தரை நம் வீட்டுத் தட்டைவிடச் சுத்தம். பெட்டிகள் சத்தமில்லாமல் உருண்டுபோகின்றன.

கண்ணாடிக் கூண்டுக்குள் அவள். கழுத்தில் நிறுவனச் சின்னம் போட்ட துணி, முடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். தலைக்கு மேல் 'கமிஷன் இல்லை' என்று விளக்கெழுத்து. பக்கத்தில் விலைப் பலகை. சந்தையில் எண்பத்து நாலுக்குக் கிடைப்பதை இங்கே தொண்ணூற்றொன்றுக்கு விற்கிறார்கள்.

எனக்கு முன்னால் ஒரு அப்பாவும் பெண்ணும். பெண்ணுக்கு என் மகள் வயசிருக்கும். புதுப் பெட்டி, புதுக் குளிர்ச்சட்டை. இந்த வெயிலில் போட்டுக்கொண்டு நிற்கிறாள். அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு உறை, கால்சட்டைப் பையிலிருந்து ஒரு உறை என்று எடுத்து ஒன்றாகச் சேர்த்தார்.

"பாப்பா படிக்கப் போகுதும்மா. அங்க போய் இறங்கினதும் செலவு இருக்கும்ல. எல்லாத்தையும் மாத்திக் குடுத்துடு."

"சரிங்க ஐயா."

எண்ணப் போனவர் கையை நிறுத்தினார். "ஏம்மா, வெளில டவுன்ல மாத்தியிருந்தா கூடக் கிடைச்சிருக்குமோ? தெரியாமத்தான் கேக்கறேன்."

நான் என் மகளின் முகத்தைப் பார்த்தேன்.

"எங்கயும் ஒரே ரேட்டுதாங்க ஐயா," என்றாள். கண் இமைக்கவில்லை, குரல் கனிவாகத்தான் இருந்தது. "இங்க கமிஷன் வேற இல்ல."

"அப்பச் சரி. அப்பச் சரி," என்று அவர் தலையை ஆட்டினார். அவள் நோட்டுகளை இயந்திரத்தில் விட்டாள். அது சரசரவென்று எண்ணியது. மெல்லிய கட்டு ஒன்றை உறையில் போட்டுக் கண்ணாடிக்குக் கீழே நீட்டி, அந்தப் பெண்ணைப் பார்த்து, "நல்லாப் படிங்க," என்றாள். அவர் அவளுக்கு நன்றி சொன்னார். இரண்டு தடவை சொன்னார்.

ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். அவர் என்னை உரசிக்கொண்டுதான் போனார்.

வரிசை நகர்ந்தது. நான் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவள் கை மேசையில் எதையோ சரிசெய்தது. சரிசெய்ய அங்கே ஒன்றும் இல்லை. அட்டையைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினேன். எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"எப்ப வந்தீங்கப்பா?"

"இப்பதான். இந்த நிமிஷம்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஒருவர் இருமினார்.

"சாப்டீங்களா?"

"சாப்டேன்," என்றேன். சாப்பிடவில்லை.